ஐடிலில் மட்டும் மிஸ்ஸிங் அடிக்கிறது: காயில் வாங்குவதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை

கேள்வி: என் பெட்ரோல் காருக்கு 16 வயது, 1,40,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. நாலு சிலிண்டர், ஒவ்வொரு பிளக்குக்கும் பொறிக்கான வோல்டேஜ் கொடுக்கத் தனிக் காயில். காலையில் ஸ்டார்ட் செய்தால் ஒழுங்காக நிற்கிறது. எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு சிக்னலில் நின்றால் ஸ்டீயரிங்கும் சீட்டும் நடுங்குகின்றன, ஆர்பிஎம் முள் கீழே இறங்கி ஏறுகிறது. ஓடும்போது எந்தக் குறையும் தெரியவில்லை, மேட்டில்கூட இழுக்கிறது. செக் எஞ்சின் விளக்கு விட்டு விட்டு வருகிறது, ஸ்கேனரில் பி0303 என்ற எரர் கோடு (code) காட்டியது. நாலு பிளக்கையும் மாற்றினேன், த்ராட்டில் பாடியைச் சுத்தம் செய்தேன், டேங்கில் இன்ஜெக்டர் கிளீனர் ஊற்றினேன். ஒன்றும் மாறவில்லை. மெக்கானிக் இப்போது நாலு காயிலையும் மாற்றச் சொல்கிறார், இல்லாவிட்டால் ஐடில் ஆர்பிஎம்மைக் கொஞ்சம் ஏற்றி வைத்துவிடலாம் என்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: வணக்கம். காயில் வாங்குவதை நிறுத்தி வையுங்கள். ஆர்பிஎம்மை ஏற்றி வைக்கும் யோசனைக்கு இப்போதே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். உங்கள் கடிதத்திலேயே நோயின் குணம் பாதி எழுதியிருக்கிறது, ஆனால் அதை யாரும் படிக்காமல் பாகம் பாகமாக மாற்றிக்கொண்டு வருகிறார்கள்.

முதலில் அந்தக் கோடு என்ன சொல்கிறது என்று பார்ப்போம். பி0303 என்றால் மூன்றாவது சிலிண்டரில் மிஸ்ஃபயர், அவ்வளவுதான். எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டரான ஈசியூ சிலிண்டருக்குள் எட்டிப் பார்ப்பதில்லை, கிராங்க் சென்சாரை வைத்து கிராங்க் சுற்றும் வேகத்தை அளந்துகொண்டே இருக்கிறது, ஒவ்வொரு சிலிண்டரும் எரியும்போது கிராங்க் ஒரு சின்ன உந்து வாங்க வேண்டும், மூன்றாவதின் முறை வரும்போது அந்த உந்து வரவில்லை என்று தெரிந்ததும் 0303 என்று எழுதி வைக்கிறது. உந்து ஏன் வரவில்லை என்பது அதற்குத் தெரியாது. பிளக்கா, காயிலா, இன்ஜெக்டரா, காற்றுக் கசிவா, வால்வா என்ற விவரம் அந்தக் கோடில் கிடையாது. எந்தச் சிலிண்டர் என்று சொன்னதே பெரிய உதவி, அதை வைத்துக்கொண்டு காரணத்தை நாம்தான் தேட வேண்டும்.

ஒரு சிலிண்டர் எரிய மூன்று விஷயம் வேண்டும்: சரியான நேரத்தில் நல்ல பொறி, சரியான அளவு காற்றும் பெட்ரோலும், போதுமான கம்ப்ரஷன், அதாவது பிஸ்டன் மேலேறும்போது அந்தக் கலவை இறுகும் அழுத்தம். நீங்கள் இதுவரை செய்ததெல்லாம் முதல் இரண்டைப் பற்றியது. மூன்றாவதை யாரும் தொடவேயில்லை. உங்கள் வண்டி காட்டும் குணமோ அந்த மூன்றாவதைத்தான் சுட்டுகிறது என்று எனக்குப் படுகிறது.

காயில் மேல் எனக்கு ஏன் சந்தேகம் குறைவு என்றால், வலுவிழந்த காயில் பெரும்பாலும் லோடில்தான் முதலில் மாட்டிக்கொள்ளும். ஆக்சிலரேட்டரை அழுத்தி மேடு ஏறும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும், அந்த அழுத்தத்தில் பிளக் இடைவெளியைத் தாண்டிப் பொறி குதிக்க அதிக வோல்டேஜ் வேண்டும், தளர்ந்த காயிலால் அதைக் கொடுக்க முடியாமல் வண்டி வெட்டி வெட்டி இழுக்கும். உங்கள் வண்டி மேட்டில் ஒழுங்காக ஏறுகிறது, நின்றால்தான் நடுங்குகிறது. இது காயில் குணத்துக்கு நேர் எதிர். அதற்காகக் காயில் இல்லவே இல்லை என்று சத்தியம் செய்ய மாட்டேன், சூடானால் மட்டும் படுத்துகிற காயில்களும் உண்டு. ஆனால் இதைச் சோதிக்கப் பணம் எதுவும் தேவையில்லை. மூன்றாவது காயிலைக் கழற்றி இரண்டாவதில் போடுங்கள், இரண்டாவதை மூன்றாவதில் போடுங்கள், கோடை அழித்துவிட்டு நன்றாகச் சூடாகும் வரை ஓட்டி, நிறுத்தி ஐடிலில் விடுங்கள். கோடு பி0302 ஆக மாறினால் காயில்தான் குற்றவாளி, அந்த ஒன்றை மட்டும் மாற்றினால் போதும். 0303 ஆகவே இருந்தால் காயில் விடுதலை. நாலையும் வாங்க வேண்டிய தேவை இரண்டு வழியிலும் வரவில்லை, கவனித்தீர்களா?

சிலிண்டர் எண்ணுவதில் ஒரு எச்சரிக்கை. குறுக்காக வைத்த எஞ்சின்களில் பொதுவாக டைமிங் பெல்ட் அல்லது செயின் இருக்கும் பக்கம்தான் ஒன்று, ஆனால் சில கம்பெனிகள் கியர்பாக்ஸ் பக்கத்திலிருந்து எண்ணுவார்கள். வண்டியின் மேனுவலில் பார்த்து உறுதி செய்யுங்கள், இல்லையென்றால் இரண்டாவதில் வேலை செய்துகொண்டு மூன்றாவது சரியாகவில்லையே என்று தலையைப் பிய்த்துக்கொள்ள நேரும்.

காயிலைக் கழற்றும்போதே அந்தப் பிளக் குழியில் டார்ச் அடித்துப் பாருங்கள். வால்வு கவர் கேஸ்கட் பழசானால் எண்ணெய் கசிந்து அந்தக் குழியில் தேங்கும், காயிலின் ரப்பர் பூட் ஊறி, பொறி பிளக் நுனிக்குப் போகாமல் பக்கவாட்டில் பாய்ந்துவிடும். பிளக்கையும் கழற்றி வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். வெள்ளைப் பீங்கானின் மேல் பென்சிலால் கிறுக்கினது போல ஒரு மெல்லிய கறுப்புக் கோடு மேலிருந்து கீழே ஓடியிருந்தால் கரன்ட் அந்த வழியாக நழுவுகிறது, பிளக் புதுசாக இருந்தாலும் அது தூக்கிப் போட வேண்டியதுதான், கூடவே அந்தக் காயிலின் பூட்டும். நுனி லேசான பழுப்பு நிறம் என்றால் எரிதல் நல்லது. காய்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம் அல்லது பொறி பலவீனம். ஈரமாக எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் எண்ணெய் உள்ளே இறங்குகிறது. சுண்ணாம்பாக வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு, எங்கேயோ வேண்டாத காற்று நுழைகிறது. மூன்றாவதை மட்டும் பார்த்தால் ஒன்றும் புரியாது, நாலையும் வரிசையாக வைத்து மூன்றாவது மற்ற மூன்றிலிருந்து எப்படி வித்தியாசப்படுகிறது என்று பாருங்கள். பிளக் இடைவெளி புதுப் பிளக்கிலும் தவறாக இருக்கலாம், மேனுவலில் சொன்ன அளவுதானா என்று ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) வைத்து ஒருதரம் பார்த்துவிடுங்கள்.

அடுத்து காற்று. இன்டேக் பக்கம் எங்காவது ஓஸ் வெடித்தோ கேஸ்கட் சுருங்கியோ இருந்தால் அளக்கப்படாத காற்று உள்ளே போகும். ஐடிலில் எஞ்சின் குடிக்கும் காற்றே கொஞ்சம் என்பதால் அந்தத் திருட்டுக் காற்று பெரிய பங்காகிவிடும், ஓடும்போது மொத்தக் காற்று பெருகுவதால் அது கணக்கிலேயே வராது. ஆகவே ஐடிலில் மட்டும் நடுக்கம் என்பது காற்றுக் கசிவுக்கும் பொருந்துகிற குணம்தான், அதை மறுக்கவில்லை. உங்கள் ஸ்கேனரில் லைவ் டேட்டா வருமென்றால் ஃப்யூயல் ட்ரிம் பாருங்கள், அதாவது ஈசியூ பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டியோ குறைத்தோ சரிக்கட்டுகிறது என்ற கணக்கு. ஷார்ட் டெர்ம், லாங் டெர்ம் இரண்டையும் கூட்டினால் ஐடிலில் 20 சதவீதம் பக்கம் பிளஸ்ஸில் நின்று, 2500 ஆர்பிஎம்மில் பிடித்து வைத்தால் பூஜ்யத்தை நோக்கி இறங்குகிறதென்றால் காற்றுக் கசிவு என்று எடுத்துக்கொள்ளலாம். மாறாக லோடில் பிளஸ் ஏறினால் பம்ப், ஃபில்டர் பக்கம் போக வேண்டும், அது உங்கள் கேஸ் இல்லை. இதில் ஏமாந்துபோக ஒரு இடம் இருக்கிறது. எரியாத சிலிண்டரிலிருந்து எரியாத ஆக்சிஜன் அப்படியே சைலன்சர் பக்கம் போகும், ஆக்சிஜன் சென்சார் அதைப் பார்த்துவிட்டு பெட்ரோல் குறைவு என்று ஏமாந்துபோய்ச் சொல்லும், ட்ரிம் தானாகப் பிளஸ்ஸில் ஏறும். மிஸ்ஸிங்கால் ட்ரிம் ஏறியதா, கசிவால் மிஸ்ஸிங் வந்ததா என்று பிரித்தறிய கசிவை நேரடியாகத் தேடுவதுதான் வழி.

கசிவு தேடப் பலர் கார்புரேட்டர் கிளீனரை இன்டேக்கைச் சுற்றி அடித்து ஆர்பிஎம் மாறுகிறதா என்று பார்ப்பார்கள். சூடான எக்ஸாஸ்ட் மேல் பட்டால் தீப்பிடிக்கும், அதனால் நான் பரிந்துரைக்க மாட்டேன். ஸ்ப்ரே பாட்டிலில் வெறும் தண்ணீரை எடுத்து, மூன்றாவது சிலிண்டருக்குப் போகும் இன்டேக் குழாய் சிலிண்டர் ஹெட்டோடு சேரும் இடத்தில் லேசாகத் தெளித்தாலே போதும், வயரிங் மேல் படாமல். கசிவு இருந்தால் தண்ணீர் கொஞ்ச நேரம் ஓட்டையை அடைக்கும், எஞ்சின் சத்தம் மாறும். கேரேஜில் ஸ்மோக் மெஷின் இருந்தால் இன்னும் நல்லது, புகை தானே ஓட்டையைக் காட்டிக்கொடுக்கும். பிசிவி ஓஸ் (எஞ்சினுக்குள் சேரும் வாயுவை இன்டேக்குக்குக் கொண்டுபோகும் குழாய்), பிரேக் பூஸ்டர் ஓஸ் இரண்டையும் விரலால் வளைத்துப் பாருங்கள், அடிப்பக்கம்தான் வெடித்திருக்கும். ஐடிலில் பிரேக்கை மிதித்துப் பிடித்தால் நடுக்கம் மாறுகிறதா என்றும் பாருங்கள், மாறினால் பூஸ்டரைச் சந்தேகிக்கலாம். ஆனால் இவையெல்லாம் நாலு சிலிண்டருக்கும் பொதுவான கசிவுகள், இவை பெரும்பாலும் பி0300 (பல சிலிண்டரில் மிஸ்ஃபயர்) என்றோ பி0171 (பெட்ரோல் குறைவு) என்றோதான் காட்டும். ஒரே சிலிண்டர் திரும்பத் திரும்ப வருகிறதென்றால் அந்தச் சிலிண்டருக்கு மட்டும் சொந்தமான இடத்தில்தான் தேட வேண்டும்.

இன்ஜெக்டருக்கு அதிக நேரம் வேண்டாம். எஞ்சின் ஓடும்போது நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை இன்ஜெக்டர் மேல் வைத்து, கைப்பிடியைக் காதோடு சேர்த்துக் கேளுங்கள், ஃபேனுக்கும் பெல்ட்டுக்கும் தள்ளி நின்று. நாலிலும் ஒரே மாதிரி டிக் டிக் சத்தம் வர வேண்டும். மூன்றாவதில் மந்தமாக இருந்தால் அதையும் பக்கத்துச் சிலிண்டரோடு மாற்றிப் பார்க்கலாம். நீங்கள் ஊற்றிய கிளீனரால் கெடுதல் ஒன்றுமில்லை, லேசான அழுக்கு என்றால் உதவியிருக்கும், அவ்வளவுதான் அதன் எல்லை.

இப்போது எனக்கு முக்கியமாகப் படுகிற இடத்துக்கு வருகிறேன். 1,40,000 கிலோமீட்டரில் டேப்பெட், அதாவது வால்வுக்கு மேலே விட வேண்டிய சின்ன இடைவெளி, எப்போதாவது செட் செய்தீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. சில எஞ்சின்களில் ஹைட்ராலிக் டேப்பெட் இருக்கும், அவற்றுக்கு இந்த வேலை கிடையாது, மேனுவலில் பாருங்கள். ஸ்க்ரூ அல்லது ஷிம் வகை என்றால் இடைவெளி காலப்போக்கில் மாறும். டேப்பெட் என்றாலே சத்தம் வந்தால்தான் கவலைப்பட வேண்டும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். சத்தம் போடுகிற டேப்பெட் இடைவெளி கூடியது, அது எஞ்சினைச் சீக்கிரம் கொல்லாது. இடைவெளி இறுகிப்போனது சத்தமே போடாது, எஞ்சின் முன்னைவிட அமைதியாகக்கூட இருக்கும், அதுதான் ஆபத்தானது. எக்ஸாஸ்ட் வால்வு சீட்டில் அடித்து அடித்து கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்குகிறது, அதனால் மேலே இருந்த இடைவெளி குறைந்துகொண்டே வந்து ஒரு கட்டத்தில் பூஜ்யமாகிறது. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது வால்வு மூடும். சூடாகி வால்வுத் தண்டு நீளும்போது முழுதாக மூடாமல் மயிரிழை அளவுக்குத் திறந்தே நிற்கும், கம்ப்ரஷன் அதன் வழியே ஒழுகிவிடும். உங்கள் வண்டி காலையில் ஒழுங்காக நின்று சூடானபிறகு நடுங்குவதற்கு இது அப்படியே பொருந்துகிறது.

ஓடும்போது ஏன் தெரியவில்லை என்றால், 800 ஆர்பிஎம்மில் பிஸ்டன் மெதுவாக ஏறுவதால் காற்று தப்பிக்க நிறைய நேரம் இருக்கிறது, 3000 ஆர்பிஎம்மில் அந்த நேரம் கால் பங்குக்குக் கொஞ்சம் மேல், ஒழுகுவதற்குள் எரிந்துவிடுகிறது. அதனால்தான் ஐடிலை ஏற்றி வைக்கச் சொன்ன யோசனை ஏற்கத்தக்கதல்ல. நடுக்கம் மறையும், வால்வு கருகுவது தொடரும். எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டை இறக்கி வைப்பது பெரும்பாலும் சீட்டில் உட்காரும் அந்தக் கணத்தில்தான், உட்காரவே விடாவிட்டால் சூடு போக வழியில்லாமல் விளிம்பு தீய்ந்து ஒரு இடத்தில் குழி விழும். குழி விழுந்தபின் டேப்பெட் செட்டிங்கால் ஒன்றும் ஆகாது, ஹெட்டை இறக்க வேண்டியதுதான். தவிர, த்ராட்டில் ஸ்டாப் ஸ்க்ரூவைத் திருகி ஐடிலை ஏற்றினால் த்ராட்டில் மூடிய நிலை இதுதான் என்று ஈசியூ வைத்திருக்கும் கணக்கும் கெடும், அப்புறம் புதுசு புதுசாகக் கோடு வரும். (எல்பிஜி, சிஎன்ஜி கிட் போட்ட வண்டிகளில் சீட் இன்னும் வேகமாகத் தேயும், உங்களுடையதில் கிட் இருந்தால் என் சந்தேகம் இரட்டிப்பாகும்.)

மேலோட்டமாக ஒரு சோதனை இருக்கிறது, காசே இல்லாதது. எஞ்சின் சூடாகி நடுங்கத் தொடங்கியதும் ஒரு துண்டுக் காகிதத்தை சைலன்சர் வாய்க்கு ஒட்டினாற்போலப் பிடியுங்கள். நல்ல எஞ்சினில் காகிதம் ஒரே சீராக வெளிப்பக்கம் படபடக்கும். சாதாரண மிஸ்ஸிங்கில் இடையிடையே ஒரு அடி விட்டுப்போகும். எக்ஸாஸ்ட் வால்வு மூடாமல் இருந்தால் காகிதம் நடுநடுவே குழாயை நோக்கி உள்ளே இழுபடும், ஏனென்றால் அந்தச் சிலிண்டர் கீழிறங்கும்போது எக்ஸாஸ்ட் பக்கத்திலிருந்தும் காற்றை உறிஞ்சுகிறது. சைலன்சரில் ஓட்டை இருந்தால் இது சரியாகத் தெரியாது, ஆகவே இதை மட்டும் நம்பி முடிவெடுக்காதீர்கள்.

நம்ப வேண்டியது கம்ப்ரஷன் டெஸ்ட். எஞ்சின் சூட்டோடு இருக்க வேண்டும், உங்கள் விஷயத்தில் இது ரொம்ப முக்கியம், ஆறிய எஞ்சினில் எடுத்தால் குறை ஒளிந்துகொள்ளும். பெட்ரோல் பம்ப் ஃப்யூஸைக் கழற்றிவிட்டு, காயில் கனெக்டர்களையும் எடுத்துவிட்டு, நாலு பிளக்கையும் கழற்றி, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்துப் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட்டரில் ஐந்தாறு சுற்று சுற்ற வேண்டும். பாட்டரி தளர்ந்திருந்தால் நாலுமே குறைவாகக் காட்டும். நல்ல பெட்ரோல் எஞ்சினில் சாதாரணமாக 150 முதல் 190 பிஎஸ்ஐ வரை வரும், ஆனால் மொத்த எண்ணைவிட நாலுக்கும் இடையே உள்ள வித்தியாசம்தான் விஷயம். மற்ற மூன்று சிலிண்டரும் 165 பக்கம் நின்று மூன்றாவது சிலிண்டர் மட்டும் 110 என்றால் தேடல் முடிந்தது. அப்போது அந்தச் சிலிண்டரில் ஒரு டீஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். எண் நன்றாக ஏறினால் குறை பிஸ்டன் ரிங்கில், ஏறாவிட்டால் வால்வில். பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர் இரண்டும் சேர்ந்து குறைந்தால் ஹெட் கேஸ்கட்டைப் பார்க்க வேண்டும், கூலன்ட் குறைகிறதா என்றும் கேளுங்கள்.

வால்வு என்று தெரிந்ததும் ஹெட்டை இறக்க ஓடாதீர்கள். எஞ்சினை ராத்திரி முழுக்க ஆறவிட்டு காலையில் வால்வு கவரைத் திறந்து இடைவெளியை அளக்கச் சொல்லுங்கள். பல எஞ்சின்களில் ஆறிய நிலையில் எக்ஸாஸ்ட் இடைவெளி கால் மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும், உங்கள் எஞ்சினுக்கான சரியான அளவு மேனுவலிலோ பானட்டின் உள்பக்க ஸ்டிக்கரிலோ இருக்கும். ஃபீலர் கேஜின் தகடு நுழைந்து, இழுக்கும்போது லேசாகப் பிடித்துக்கொண்டு வர வேண்டும். மூன்றாவது எக்ஸாஸ்ட்டில் மிக மெல்லிய தகடுகூட நுழையவில்லை என்றால் சந்தோஷப்படுங்கள், காரணம் கையில் கிடைத்துவிட்டது. எட்டோ பதினாறோ, எல்லா வால்வையும் அளந்து ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், ஒன்று இறுகியிருந்தால் மற்றவையும் அந்த வழியில்தான் போய்க்கொண்டிருக்கும். செட் செய்தபின் சூட்டில் மறுபடி கம்ப்ரஷன் எடுங்கள். எண் ஏறிவிட்டால் வால்வு தப்பித்தது, வண்டி அன்றே அமைதியாகிவிடும். ஏறவில்லையென்றால் விளிம்பு ஏற்கெனவே தீய்ந்துவிட்டது.

மெக்கானிக்கிடம் சண்டை வேண்டாம். "காயில் மாற்றுவதற்கு முன்னால் 2, 3 காயிலை இடம் மாற்றிப் பார்த்துவிட்டு, சூட்டில் கம்ப்ரஷன் எடுத்து நாலு எண்ணையும் எழுதிக் கொடுங்கள்" என்று மட்டும் சொல்லுங்கள். நல்ல மெக்கானிக் என்றால் இந்தப் பேச்சை மதிப்பார். எண்ணெல்லாம் தேவையில்லை, கையால் பார்த்தாலே தெரியும் என்று சொன்னால் இந்த வேலைக்கு வேறொருவரைப் பாருங்கள்.

ஒரு சிலிண்டருக்கும் குறை இல்லை, எண்கள் எல்லாம் சமம், கோடும் திரும்ப வரவில்லை, ஆனால் நடுக்கம் மட்டும் இருக்கிறது என்றால் எஞ்சின் மவுன்ட்டைப் பாருங்கள், 16 வருடத்தில் அந்த ரப்பர் உட்கார்ந்திருக்கும். கியரில் நிற்கும்போது ஒரு மாதிரியும் நியூட்ரலில் வேறு மாதிரியும் நடுங்குவது அதன் அடையாளம். உங்களுக்குக் கோடு வருவதால் மவுன்ட் மட்டுமே காரணமாக இருக்காது, ஆனாலும் தளர்ந்த மவுன்ட் சின்ன மிஸ்ஸிங்கைக்கூடப் பெரிதாக்கிக் காட்டும்.

இதையெல்லாம் செய்து முடிக்கும்வரை வண்டியை ஓட்டலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சொல்லிவிடுகிறேன். செக் எஞ்சின் விளக்கு நிலையாக எரிந்தால் அளவாக ஓட்டலாம். அது மினுக் மினுக் என்று அடித்தால் உடனே காலை எடுத்து, முடிந்த அளவு மெதுவாக ஓரமாகப் போய் நிறுத்துங்கள். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரியும், உள்ளே இருக்கும் தேன்கூட்டுப் பீங்கான் உருகி அடைத்துக்கொள்ளும், பிறகு வால்வு வேலையோடு அதுவும் சேர்ந்துகொள்ளும். மிஸ்ஸிங் அடிக்கும்போது எந்தச் சிலிண்டர் என்று பார்க்க யாராவது ஓடுகிற எஞ்சினில் காயிலைப் பிடுங்கிப் பிடுங்கிப் பார்த்தாலும் இதே கேடுதான், கூடவே ஷாக் அடிக்கும். அந்தச் சோதனை வேண்டுமென்றால் இன்ஜெக்டர் கனெக்டரைக் கழற்றச் சொல்லுங்கள், பெட்ரோலே போகாததால் ஆபத்தில்லை.

கடைசியில் ஹெட்டை இறக்கித்தான் ஆக வேண்டும் என்றால், கெட்ட ஒரு வால்வை மட்டும் மாற்றி மூட விடாதீர்கள். வால்வு கைடுகள் ஆடுகின்றனவா, சீட்டுகள் வட்டமாக இருக்கின்றனவா, ஹெட்டின் தட்டைப் பரப்பு வளையாமல் இருக்கிறதா என்று மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள், வால்வு ஸ்டெம் சீல்களை அப்போதே புதுசாகப் போட்டுவிடுங்கள், ஹெட் போல்ட்டை மறுபடி பயன்படுத்தலாமா என்று மேனுவலில் பார்த்துச் செய்யுங்கள். கம்ப்ரஷன் எண்கள் நாலும் கிடைத்ததும் எனக்கு எழுதுங்கள், சூட்டில் எடுத்ததா ஆறியபின் எடுத்ததா என்பதையும் சேர்த்து.